பிரிவு, முறிவு, மறுமணம்: எந்தச் சபையில் எந்த வழி திறந்திருக்கிறது?

குடும்ப நீதிமன்றத் தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு, "இரண்டாவது கல்யாணத்துக்கு ஓலை (சபையில் படிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும்" என்று ஒரு பெண் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபை ஒன்றில் குருவானவர் காரணங்களைக் கேட்டுக்கொண்டு, மேலிடத்துக்கு மனு எழுதச் சொல்லலாம். அதே ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் பங்குத்தந்தை நகலைப் படித்துவிட்டு, "இது அரசாங்கத்துக்குச் சரி, திருச்சபையின் கணக்கில் நீங்கள் இன்னும் முதல் கணவரின் மனைவிதான்" என்பார். கட்டுப்பாடான பெந்தெகொஸ்தே சபை ஒன்றில், முதல் கணவர் உயிரோடிருக்கும்வரை அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. மூன்று இடத்திலும் திறந்து காட்டுவது ஒரே மத்தேயு 19-ஆம் அதிகாரத்தைத்தான்.

வீட்டைவிட்டு விலகி வாழ்வது, திருமணத்தை முறிப்பது, இன்னொருவரை மணப்பது ஆகிய மூன்றும் வெவ்வேறு காரியங்கள். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான வாசலில் போய் நிற்கிறார்கள். முதலாவதில் சபைகள் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. இரண்டாவதில் பிரிகின்றன. மூன்றாவதில் எதிரெதிராக நிற்கின்றன. முடிவெடுக்க வேண்டியவர் இந்த வரிசையிலேயே யோசிப்பது நல்லது.

விலகி வாழ்வது

அடியும் உயிர்ப் பயமும் உள்ள வீட்டில் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்று எந்தப் பெரிய கிறிஸ்தவ மரபின் சட்டமும் சொல்லவில்லை. திருமணம் முறியவே முறியாது என்று மிக அழுத்தமாகச் சொல்லும் கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, 1153-ஆம் பிரிவில், துணையால் தனக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலோ ஆன்மாவிலோ பேராபத்து என்றால் பிரிய நியாயம் உண்டு என்கிறது. தாமதமே ஆபத்து என்றால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் தானாகவே வெளியேறலாம் என்றும் சொல்கிறது. மறுமணத்தை அடியோடு மறுக்கும் சபைகள் பிடித்துக்கொள்ளும் 1 கொரிந்தியர் 7:11-உம் "பிரிந்துபோனால்" என்றுதான் தொடங்குகிறது. அடிபட்டு வந்த பெண்ணை "ஜெபம் பண்ணிக்கொண்டு திரும்பிப் போம்மா" என்று அனுப்பிவைப்பது வேதமும் அல்ல, சபைச் சட்டமும் அல்ல. அது ஊர்ப் பழக்கம். உயிரைப் பலிகேட்கும் பழக்கம்.

மனசாட்சி விவாகரத்துக்கு இடம் கொடுக்காதவர்களுக்கும் சட்டத்தில் வழி உண்டு. இந்தியாவில் கிறிஸ்தவருக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு நீதிமன்றப் பிரிவைத் தருகிறது. விபசாரம், கொடுமை, 2 ஆண்டுக் கைவிடல் ஆகியவை அதற்குக் காரணங்கள். திருமணம் முறியாது, சேர்ந்து வாழும் கடமை மட்டும் நிற்கும். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை, அதே வீட்டில் தங்கியிருக்கும் உரிமை, செலவுத் தொகை ஆகியவற்றைக் கேட்கலாம். இவற்றுக்கு விவாகரத்து மனு எதுவும் போட வேண்டியதில்லை.

இங்கே ஒரு குழி இருக்கிறது. சபை மூப்பர்கள் முன்னிலையில் "நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம்" என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது சமாதானமான வழியாகத் தோன்றும். ஆனால் மனமொத்துப் பிரிந்து வாழும் மனைவிக்கு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில், இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில், ஜீவனாம்சம் கிடையாது. அந்த ஒரு வாக்கியமே பிற்பாடு அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ஏன் வெளியேற வேண்டியிருந்தது என்ற காரணத்தை எழுதுங்கள்.

ஒரு சொல்லில் தொங்கும் வழக்கு

மாற்கும் லூக்காவும் எந்த விதிவிலக்கும் தரவில்லை. மனைவியைத் தள்ளிவிட்டு வேறொருத்தியை மணப்பவன் விபசாரம் செய்கிறான், அவ்வளவுதான். மத்தேயு மட்டும் 5:32-லும் 19:9-லும் ஒரு விலக்கைச் சேர்க்கிறார். பழைய தமிழ் வேதாகமத்தில் அது "வேசித்தனம்". கத்தோலிக்கர் படிக்கும் திருவிவிலியத்தில் "பரத்தைமை". கிரேக்க மூலத்தில் பொர்னெயா. விபசாரத்துக்கென்றே மொய்கெயா என்ற சொல் கிரேக்கத்தில் இருக்கும்போது மத்தேயு ஏன் பரந்த பொருளுள்ள இந்தச் சொல்லை எடுத்தார் என்பதில்தான் வழக்கு.

ஒரு தரப்பு, இது திருமணத்துக்குள் நடக்கும் பாலியல் துரோகம் எல்லாவற்றையும் குறிக்கிறது என்கிறது. இன்னொரு தரப்பு, இது நிச்சயமான பெண்ணின் கற்பு மீறலை மட்டும் சொல்கிறது என்கிறது. மரியாளை இரகசியமாய்த் தள்ளிவிட யோசேப்பு நினைத்தது அந்தக் கட்டத்தில்தானே என்று மத்தேயு 1:19-ஐக் காட்டுகிறது. மூன்றாம் தரப்பு, லேவியராகமம் 18 தடைசெய்யும் நெருங்கிய உறவுத் திருமணத்தை இது சொல்கிறது என்கிறது. அப்படியானால் அது முறிவே அல்ல, தொடக்கத்திலிருந்தே செல்லாத திருமணம்.

இயேசுவிடம் கேட்கப்பட்ட கேள்விக்குப் பின்னால் அன்றைய யூதப் போதகரின் சண்டை ஒன்று இருந்தது. உபாகமம் 24:1 சொல்லும் தள்ளுதலின் சீட்டை எதற்காக எழுதலாம்? சம்மாய் பள்ளி, கற்புநெறி தவறினால் மட்டும் என்றது. ஹில்லேல் பள்ளி, சமையலைக் கெடுத்தாலே போதும் என்றது. இந்தப் பின்னணியில் பார்த்தால் சீர்திருத்தச் சபைகளின் வாசிப்புக்கு வலு கூடுகிறது. அந்தச் சீட்டின் உயிர்நாடியே "நீ எந்த ஆணையும் மணந்துகொள்ளலாம்" என்ற வாசகம்தான் என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. செல்லுபடியாகும் சீட்டு என்றால் மறுமண உரிமையும் சேர்ந்தே வரும் என்றுதான் கேட்டவர்கள் புரிந்துகொண்டிருப்பார்கள்.

எதிர்ப்பக்கத்து வாதமும் இலேசானதல்ல. இயேசு சம்மாயின் கருத்தையே திரும்பச் சொல்லியிருந்தால், சீஷர்கள் ஏன் திடுக்கிட்டு, அப்படியானால் கல்யாணமே வேண்டாமே என்ற பொருளில் 19:10-ல் பேசுகிறார்கள்? அதோடு, இரண்டாம் நூற்றாண்டின் எர்மாவின் மேய்ப்பன் என்ற நூல், விபசாரத்தை விடாத மனைவியைக் கணவன் அனுப்பிவிட வேண்டும், ஆனால் தனித்தே இருக்க வேண்டும் என்கிறது. அவள் மனந்திரும்பி வந்தால் இடம் இருக்க வேண்டுமாம். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் வசனத்தின் அமைப்பையும் சீட்டின் பொருளையும் சேர்த்துப் பார்த்தால், துரோகத்துக்கு ஆளானவருக்கு மறுமணம் திறந்தே இருக்கிறது என்ற வாசிப்புதான் நேரானதாகப் படுகிறது.

கத்தோலிக்கத் தீர்ப்பாயம்

ஞானஸ்நானம் பெற்ற இருவர் முறைப்படி மணந்து, உடலுறவும் நடந்துவிட்டால், மரணம் தவிர எந்த மனித அதிகாரமும் அதை முறிக்க முடியாது என்பது திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1141-ஆம் பிரிவு. ஆகவே இங்கே கேட்க வேண்டியது "முறிக்கலாமா" என்பதல்ல, "கட்டப்பட்டதா" என்பது. மந்திரிப்பு (கோயில் திருமணச் சடங்கு) நடந்த அந்த நாளில், அந்த நிமிடத்தில், சம்மதம் உண்மையானதாக இருந்ததா?

மனு தோற்பதற்கு முக்கியக் காரணம் இதை மறப்பதுதான். கல்யாணமாகி ஐந்தாம் வருடம் குடிக்க ஆரம்பித்தார், பத்தாம் வருடம் வேறு பெண்ணோடு போனார் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். தீர்ப்பாயத்துக்கு அது நேரடிச் சான்று அல்ல. கல்யாணத்துக்கு முன்பே குடிநோய் முற்றியிருந்ததா? பெற்றோர் மிரட்டிக் கூட்டி வந்தார்களா (1103)? பாரதூரமான ஒன்றை ஏமாற்றி மறைத்தார்களா (1098)? பிள்ளை வேண்டாம் என்றோ உண்மையாய் இருக்கப்போவதில்லை என்றோ உள்ளுக்குள் முடிவுசெய்துகொண்டு வார்த்தைப்பாடு சொன்னாரா (1101)? மனநிலை காரணமாகத் திருமணக் கடமைகளை ஏற்கவே இயலாதவராக இருந்தாரா (1095)? இவற்றுக்குத்தான் சாட்சி வேண்டும். ஆகவே இப்போதைய பக்கத்து வீட்டுக்காரரைவிட, பெண் பார்த்த நாளில் இருந்த அத்தையும், நிச்சயத்துக்கு முதல் இரவு அழுததைப் பார்த்த தோழியும் நல்ல சாட்சிகள். கல்யாணத்துக்கு முந்தைய மருத்துவச் சீட்டுகள், கடிதங்கள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள்.

பங்குத்தந்தை வழியாக மறைமாவட்டத் தீர்ப்பாயத்துக்கு மனு போகும். புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ், கோயில் திருமணச் சான்றிதழ், சாட்சிகளின் பட்டியல் ஆகியவை கூடவே வேண்டும். குடிமை நீதிமன்ற ஆவணங்கள் இருந்தால் அவற்றையும் சேர்க்க வேண்டும். திருமணம் நடந்த இடத்திலோ, இருவரில் ஒருவர் வாழும் இடத்திலோ, பெரும்பாலான சான்றுகள் கிடைக்கும் இடத்திலோ வழக்கைத் தொடுக்கலாம். துணை வளைகுடாவில் இருந்தாலும் ஊரிலேயே நடத்தலாம். எதிர்தரப்புக்கு அழைப்பு போகும். அவர் வராவிட்டாலும் வழக்கு நிற்காது. திருமணப் பந்தத்தைக் காக்க என்றே நியமிக்கப்பட்டவர், திருமணம் செல்லும் என்பதற்கான வாதங்களை எடுத்துவைப்பார். அது உங்கள்மேல் உள்ள கோபம் அல்ல. அதுதான் அவர் வேலை.

முன்பு செல்லாது என்று இரண்டு தீர்ப்பாயங்கள் ஒத்துச் சொல்ல வேண்டும். 2015-ல் திருத்தந்தை பிரான்சிஸ் கொண்டுவந்த மாற்றம் அந்த ஆண்டு டிசம்பர் 8 முதல் ஒரு தீர்ப்பே போதும் என்றாக்கியது. இருவரும் சம்மதித்து, சான்றும் வெளிப்படையாக இருந்தால் ஆயரே தீர்க்கும் குறுகிய வழியும் உண்டு. தீர்ப்பில் "இவர் மறுபடி மணக்குமுன் ஆயரின் அனுமதி வேண்டும்" என்று தடை சேர்த்திருந்தால் அதை நீக்காமல் தேதி குறிக்காதீர்கள். பிள்ளைகள் முறைகேடாகப் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். 1137-ஆம் பிரிவு அவர்களை முறையானவர்களாகவே வைக்கிறது.

கத்தோலிக்கர் ஒருவர் கோயிலில் மணக்காமல், விலக்கும் பெறாமல், வெறும் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்திருந்தால் கதை வேறு. திருமண முறைமையே இல்லாததால், ஆவணங்களைக் காட்டினால் பெரும்பாலும் நீண்ட விசாரணை இல்லாமலே முடிந்துவிடும்.

விவாகரத்து பெற்று மறுமணம் செய்யாமல் இருப்பவர் நற்கருணை வாங்கத் தடையே இல்லை. இது தெரியாமல் வருடக்கணக்கில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். யாராவது அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

சீர்திருத்தச் சபைகளின் இரண்டு காரணங்கள்

லூத்தரும் கால்வினும் விபசாரத்தைக் காரணமாக ஏற்றார்கள். 1 கொரிந்தியர் 7:15-ஐ வைத்துக் கைவிடுதலையும் சேர்த்தார்கள். பிரஸ்பிட்டேரியன் மரபின் விசுவாச அறிக்கையான, 1646-ல் முடிந்த வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை 24-ஆம் அதிகாரத்தில் இரண்டையும் எழுதி வைத்தது: விபசாரம் நடந்தால், குற்றமற்றவர் மற்றவர் இறந்துபோனதாகக் கருதி மறுமணம் செய்யலாம், கைவிடுதல் என்றால், சபையாலும் அரசாலும் சரிசெய்ய முடியாத பிடிவாதமான கைவிடுதலாக இருக்க வேண்டும். ஆறு மாதம் தாய்வீட்டில் இருந்தார் என்பதெல்லாம் இதில் வராது. அழைத்தது, ஆள் அனுப்பியது, மறுத்தது எல்லாம் பதிவாகியிருக்க வேண்டும்.

7:15-இன் "அடிமைப்பட்டவர்களல்ல" என்ற சொல்லைக் கவனியுங்கள். 7:39-ல் புருஷன் உயிரோடிருக்கும்வரை மனைவி "கட்டப்பட்டிருக்கிறாள்" என்று வேறு சொல் வருகிறது. மறுமணத்தை மறுப்பவர்கள், பவுல் 7:15-ல் துரத்திப் பிடிக்க வேண்டாம் என்று மட்டுமே சொன்னார், கட்டு அப்படியே இருக்கிறது என்பார்கள். ஏற்பவர்கள், விட்டுப்போனவருக்கு அடிமை இல்லை என்றால் விடுதலை என்றுதானே அர்த்தம் என்பார்கள்.

வன்முறை எங்கே வருகிறது? இரண்டு காரணங்களை மட்டும் எழுத்துக்கு எழுத்து பிடிப்பவர்கள் வழியில்லை என்பார்கள். இன்றைய சீர்திருத்தச் சபைப் போதகர்களில் பலர், அடித்துத் துரத்துகிறவன்தான் கைவிடுகிறவன், கதவைத் தாண்டிப் போனது யார் என்பது முக்கியமல்ல என்கிறார்கள். யாத்திராகமம் 21:10, 11-இல் உணவு, உடை, தாம்பத்திய உரிமை மூன்றையும் மறுத்தால் அவள் விடுதலையாகப் போகலாம் என்று இருப்பதையும் காட்டுகிறார்கள். இந்த வாசிப்பே சரி என்று உறுதியாகச் சொல்லலாம். உடன்படிக்கையைக் கையால் உடைத்தவன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்பதற்காக அது முழுசாக இருப்பதாகச் சொல்ல முடியாது.

தென்னிந்தியத் திருச்சபை 1947-ல் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் சபைகள் சேர்ந்து உருவானது. கடுமையான மரபும் இளகிய மரபும் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன. இங்கிலாந்துத் திருச்சபையே 2002-ல்தான் விசேஷச் சூழலில் கோயிலில் மறுமணத்துக்கு வழிவிட்டது. 2005-ல் இப்போதைய மன்னர் சார்லஸ் கமிலாவை மணந்தபோது, விண்ட்சரில் குடிமைத் திருமணம் முடித்துவிட்டு, பிறகு சிற்றாலயத்தில் ஜெப ஆராதனை நடத்தினார்கள். கோயிலில் ஓலை கிடைக்காத தம்பதிகளுக்கு இந்த நடுவழி இங்கும் உண்டு: 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்புக் கொடுத்துப் பதிவு செய்துவிட்டு, சபை இசைந்தால் வீட்டில் ஜெபம். உங்கள் திருமண்டலம் எதற்கு இசையும் என்பதை மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மரணம்வரை என்று நிற்பவர்கள், தவத்தோடு அனுமதிப்பவர்கள்

கட்டுப்பாடான பெந்தெகொஸ்தே சபைகள் பலவும், பிரதரன் கூடுகைகள் சிலவும் ரோமர் 7:2, 3-ஐ வைத்து, துணை உயிரோடிருக்கும்வரை மறுமணம் இல்லை என்கின்றன. இதன் நேர்மையை மதிக்க வேண்டும்: பணக்கார விசுவாசிக்கு ஒரு நியாயம், ஏழைக்கு ஒரு நியாயம் என்று வளைக்க இடமில்லை. ஆனால் 25 வயதில் கைவிடப்பட்ட பெண்ணிடம் தனிமையைக் கேட்கும் சபை, அவளுடைய வாடகையையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் தன் பொறுப்பில் ஏற்க வேண்டும். அப்படிச் செய்யாத சபையின் போதனை பாதிதான். விசுவாசத்துக்கு வருமுன்பே மறுமணம் செய்தவர்களை இரண்டாம் துணையை விட்டுவிடச் சொல்வதும் சில இடங்களில் நடக்கிறது. உபாகமம் 24:4, இன்னொருவனுக்கு மனைவியானவளை முதல் கணவன் திரும்பச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பதை அங்கே யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

கிழக்கு மரபுவழித் திருச்சபைகள் விவாகரத்தைப் பாவத்தின் விளைவாகப் பார்த்து, ஆயரின் இரக்கத்தின் பேரில் இரண்டாம் திருமணத்தையும், அரிதாக மூன்றாவதையும் அனுமதிக்கின்றன. இரண்டாவதன் சடங்கில் மனவருத்த ஜெபங்கள் உண்டு. நான்காவது கூடாது என்பது கி.பி. 920-இல் முடிவானது. 1563-ல் கத்தோலிக்கரின் திரெந்துப் பொதுச்சங்கம் முறிவை மறுத்துச் சட்டம் எழுதியபோதும், கிரேக்கரை நேரடியாகச் சபிக்காதபடி வெனிசின் வேண்டுகோளுக்காக வாசகத்தை மாற்றியது.

இரண்டு தாள்கள்

சபைத் தீர்ப்பும் அரசு நீதிமன்றத் தீர்ப்பும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. தீர்ப்பாயம் செல்லாது என்று சொன்னதை நம்பி, குடிமை ஆணை வாங்காமல் மறுமணம் செய்தால், அந்த இரண்டாம் திருமணம் சட்டத்தில் செல்லாது. 1996-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. திருச்சபைத் தீர்ப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் கேட்ட மனுவையும் 2017-ல் தள்ளுபடி செய்தது. முதல் திருமணம் சட்டப்படி முறியாமல், துணை உயிரோடிருக்க மறுமணம் செய்தால், இப்போதைய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவில் 7 ஆண்டுவரை சிறை.

விவாகரத்துச் சட்டம் 2001-ல் திருத்தப்படுவதற்கு முன்பு கிறிஸ்தவக் கணவன் விபசாரத்தை மட்டும் காட்டினால் போதும். மனைவி அதோடு கொடுமையையோ கைவிடலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். திருத்தத்துக்குப் பிறகு கொடுமையும் 2 ஆண்டுக் கைவிடலும் இருவருக்கும் தனித்தனிக் காரணங்கள். மனமொத்த விவாகரத்துக்கு 10ஏ பிரிவு வந்தது. அதன் எழுத்தில் 2 ஆண்டுப் பிரிவு என்று இருக்கிறது. 2010-ல் கேரள உயர் நீதிமன்றம் அதை 1 ஆண்டாக வாசித்தது; 2022-ல் அந்த 1 ஆண்டு நிபந்தனையும் செல்லாது என்றது. முதல் மனுவுக்கும் இரண்டாம் விண்ணப்பத்துக்கும் இடையே குறைந்தது 6 மாதம், அதிகம் 18 மாதம்.

இலங்கையில் 1907-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் விபசாரம், தீய எண்ணத்துடன் கைவிடல், திருமண நாளிலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைவு போன்ற இயலாமை ஆகிய மூன்றையே காரணமாகக் கொள்கிறது. அங்கே மனமொத்து என்று மனு எழுத முடியாது.

மதம் மாறியவர்கள் கவனிக்க வேண்டியது: ஞானஸ்நானம் பெற்றதால் முன்பு நடந்த இந்துத் திருமணம் தானாக முறியாது. கத்தோலிக்கத்தில் பவுல் சலுகை என்று ஒன்று உண்டு. திருமண நாளில் இருவருமே ஞானஸ்நானம் பெறாதவர்களாக இருந்திருக்க வேண்டும். பிறகு ஒருவர் பெற்று, மற்றவர் சமாதானமாகச் சேர்ந்து வாழ மறுத்திருக்க வேண்டும். அதை அவரிடமே கேட்டுப் பதிவு செய்வார்கள். அதன் பிறகும் குடிமை ஆணை தனியே வேண்டும். மதம் மாறியதைக் காட்டி மாறியவரே விவாகரத்துக் கேட்க இந்துத் திருமணச் சட்டத்தில் இடமில்லை; மற்றவர்தான் கேட்கலாம்.

எந்தக் காரணத்தின் பேரில் மனு போடுவது என்பது சபைக் கதவையும் தொடும். விபசாரம் என்று போட்டால் மூன்றாம் நபரையும் வழக்கில் சேர்க்க வேண்டிவரும், இழுபறி நீளும். அதனால் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் மனமொத்த மனுவைத்தான் சொல்வார்கள். நீதிமன்றத்தில் அது நல்ல ஆலோசனை. ஆனால் அந்த ஆணையில் யார் தவறு என்று ஒரு வரிகூட இருக்காது. குற்றமற்றவருக்கு மட்டும் மறுமணம் செய்துவைக்கும் சபைக்கு ஐந்து வருடம் கழித்து அதை எடுத்துப் போனால், "மனமொத்துத்தானே பிரிந்தீர்கள்?" என்று கேட்பார்கள். ஆகவே மனமொத்த மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, நடந்ததைத் தேதியோடு எழுதி, அறிந்த இருவரின் கையொப்பத்துடன் குருவானவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். துரோகம் தெரிந்த பிறகு மறுபடி சேர்ந்து வாழ்ந்திருந்தால், நீதிமன்றம் அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும். அந்த நாள்களையும் மறைக்காமல் எழுதுங்கள்.

மறுமணத் தேதி குறிக்கும்போது விவாகரத்துச் சட்டத்தின் 57-ஆம் பிரிவைப் பாருங்கள். ஆணை வந்த நாளில் அல்ல, மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகு, அல்லது மேல்முறையீடு தள்ளுபடியான பிறகுதான் மணக்கலாம். எதிர்தரப்பு வராமலே கிடைத்த ஒருதலை ஆணை என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. அழைப்பாணை கிடைக்கவில்லை என்று சொல்லி அவர் அதை நீக்கக் கேட்கலாம். மேல்முறையீடு எதுவும் நிலுவையில் இல்லை என்பதை வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்கி, ஆணையின் சான்றிட்ட நகலோடு சேர்த்து, முதல் ஓலை வாசிக்கும் ஞாயிற்றுக்கு முன்பே சபை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.